சாஃப்டனர் சும்மா நிற்கிறதா, வேலை செய்கிறதா?

சாஃப்டனர் என்பது தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு போன்ற தாதுக்களை, அதாவது கடினத்தன்மையை, நீக்கித் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம். முதலில் ஒரு விஷயம். மலேசியாவில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்தும் அணையிலிருந்தும் வருவது, இயல்பிலேயே மென்மையானது. அதில் சேறும் துருவும் வந்தால் மணல் வடிகட்டி போதும், சாஃப்டனர் வீண் செலவு. அது தேவைப்படுவது பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு மாதிரிச் சுண்ணாம்புக்கல் பூமியில் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கும் வீடுகளுக்கு. சுங்கை சிப்புட், ஈப்போ பக்கத்துத் தோட்டப்புறங்களில் கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு கட்டுவதும், சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும் இதனால்தான்.

தண்ணீரை அளக்க, வண்ணமீன் விற்கும் கடையில் கிடைக்கும் கடினத்தன்மைச் சொட்டு மருந்தே போதும். 5 மில்லி தண்ணீரில் நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ணுங்கள். வழக்கமான மருந்தில் ஒரு சொட்டு என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கடினத்தன்மை. 14 சொட்டு என்றால் 250. சாஃப்டனருக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளக்க வேண்டும். பின்னால் ஒரு சொட்டுக்கு மேல் போனால் எங்கோ கோளாறு.

கடினத்தன்மையைப் பிடிக்கும் சிறு மணிகளான ரெசின் 25 லிட்டர் உள்ள இயந்திரம், அதை உப்பு நீரால் புதுப்பிக்கும் ஒரு கழுவலுக்கு 3 கிலோ உப்பு எடுத்தால், ஏறக்குறைய 1,250 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 250 அளவுள்ள தண்ணீரில் அது 5,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 1,000 லிட்டர் செலவானால் ஐந்து நாள் தாங்கும். நான்கு நாளுக்கு ஒரு முறை கழுவும்படி வையுங்கள். அப்படியென்றால் 25 கிலோ மூட்டை ஒரு மாதம் வரும். ஒரு மாதமாகியும் உப்பு குறையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். இயந்திரம் உப்பு நீரை உறிஞ்சவில்லை என்று அர்த்தம்.

ஏன் உறிஞ்சவில்லை? நம் ஊர் ஈரக்காற்றில் உப்புத் தொட்டியிலுள்ள உப்பின் மேல்பகுதி இறுகிப் பாலம்போல் நின்றுவிடும், அடியில் வெற்றிடம். விளக்குமாற்றுக் கம்பால் மெதுவாகக் குத்தி உடையுங்கள். ஓங்கிக் குத்தினால் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும். தொட்டியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தாலே இந்தத் தொல்லை குறையும். மாத்திரை உப்பே நல்லது. சமையல் கல்லுப்பு மலிவுதான், ஆனால் அதிலுள்ள மண் அடியில் படிந்து வழியை அடைக்கும்.

பாலம் இல்லையென்றால் உப்பு நீரை உறிஞ்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள். தண்ணீரைச் சாஃப்டனருக்குள் விடாமல் நேரே வீட்டுக்கு அனுப்பும் பைபாஸ் வால்வைத் திருப்பி, அழுத்தத்தை வெளியேற்றி, மூடியைக் கழற்றினால் சிறு துளையுள்ள பிளாஸ்டிக் துண்டு வரும். வெந்நீரும் பழைய பல் துலக்கியும் போதும். ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் உறிஞ்சும் விசை போய்விடும்.

அதுவும் சுத்தம் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீரின் அழுத்தம். ஒருமாடி வீட்டுக் கூரைத் தண்ணீர்த் தொட்டி 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 பார் அழுத்தம். பெரும்பாலான சாஃப்டனர் வால்வுகளுக்கு 1.5 முதல் 2 பார் வேண்டும். பம்ப் வைக்காமல் இங்கே எந்த விலையுயர்ந்த சாஃப்டனரும் உதவாது. விற்பவர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இடி மழையில் மின்சாரம் போய் வந்தால் இயந்திரத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். பின்னிரவு 2 மணிக்கு நடக்கவேண்டிய கழுவல் பகல் 2 மணிக்கு நடந்தால், கழுவல் ஓடும் ஒன்றரை மணி நேரமும் வீட்டுக்குள் கடினத் தண்ணீர்தான்.

போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும். வெள்ளை வாளியில் ஓர் இரவு தண்ணீரை வைத்துப் பாருங்கள். தெளிவாக இறைத்தது காலையில் பழுப்பாகியிருந்தால் இரும்பு உண்டு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் சாஃப்டனருக்கு முன்னால் இரும்பு வடிகட்டி தேவை. ஏற்கெனவே கறை பிடித்த ரெசினுக்கு, அதற்கென விற்கும் சுத்திகரிப்புத் தூளைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி உப்பு நீரில் கரைத்துக் கையால் இயக்கி ஒரு கழுவல் ஓட்டுங்கள். அதோடு பிளீச் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது, விஷ வாயு வரும்.

வருடம் ஒரு முறை, உப்பு தீரும் நேரம் பார்த்து, உப்புத் தொட்டியைக் காலி செய்து சேற்றை வழித்துக் கழுவுங்கள். பிறகு 8, 9 லிட்டர் தண்ணீர் ஊற்றி உப்புப் போடுங்கள். 3 கிலோ கரைய அவ்வளவு வேண்டும். உடனே கழுவலை ஓட்டாதீர்கள், நான்கு மணி நேரமாவது கரையட்டும். கழிவு நீரை வாழை, கறிவேப்பிலை வேர்ப்பக்கம் விடாமல் வடிகாலுக்கு விடுங்கள்.

சமையலறைக் குடிநீர்க் குழாயையும் தோட்டக் குழாயையும் சாஃப்டனருக்கு முன்னாலேயே பிரித்துவிடுவது நல்லது. 250 அளவுத் தண்ணீரை மென்மையாக்கும்போது லிட்டருக்குச் சுமார் 115 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

குழாய் வாயில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் விழுந்தால், அது ரெசின். ரெசின் தொட்டிக்குள் அடிச்சல்லடை உடைந்திருக்கும். பைபாஸைத் திருப்பிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.