புரட்டாதி இடிமழையை நம்பி விதைக்கலாமா? வன்னியில் கோடைக் கடைசி வானத்தைக் கணிக்கும் முறை

ஆவணி பிற்பகுதியிலிருந்து ஐப்பசி பிறக்கும்வரை வானிலைச் செய்தி இலங்கை வடக்கின் வன்னிக்கு ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடும்: வடக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும். செய்தியில் பிழை இல்லை. ஆனால் மாங்குளத்தில் நெல் காயப்போட்டவருக்கும் ஒட்டுசுட்டானில் கச்சான் (நிலக்கடலை) பிடுங்க ஆள் பிடித்தவருக்கும் வேண்டியது, மழை எங்கள் பக்கமா, பக்கத்து ஊருக்கா என்பதுதான். அதற்கு மூன்றைப் பார்த்தால் போதும். காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது? மேகம் மதியத்துக்குள் எவ்வளவு உயர்கிறது? பெய்த மழை எத்தனை மில்லிமீற்றர்? முதல் இரண்டுக்கும் கண் இருந்தால் சரி. மூன்றாவதற்கு ஒரு போத்தல் வேண்டும்.

சோழகம் தளர்வதைக் கவனியுங்கள்

வைகாசியில் எழும்பும் சோழகம் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டும் அதே காற்று, மன்னார்ப் பக்கத்தால் வன்னிக்குள் நுழையும்போது அதை மேலே தூக்க மலை எதுவும் இல்லை. ஈரம் திரளாமல் தாண்டிப் போய்விடுகிறது. தப்பித்தவறி எழும்பும் மேகத்தையும் காற்றின் வேகம் சரித்துவிடும். ஆனி, ஆடியில் வெள்ளைப் பஞ்சுமேகங்கள் வடகிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு துளி விழாது.

ஓகஸ்ட் கடைசியில் இரண்டு விடயங்கள் மாறுகின்றன. சூரியன் தெற்கே திரும்பும் வழியில் ஓகஸ்ட் 28 தொடக்கம் செப்டெம்பர் 7 வரை இலங்கையின் உச்சியைக் கடக்கிறது. வடக்கைத்தான் முதலில் கடக்கும். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓகஸ்ட் 29ஐ ஒட்டியும், வவுனியாவுக்கு ஓரிரு நாள் பிந்தியும், மதியம் 12.10 அளவில் நேராக நட்ட தடிக்கு நிழல் விழாது. நிலம் நன்றாகச் சூடேறும். அதே நாட்களில் சோழகமும் விட்டுவிட்டு வீசத் தொடங்கும். அது தளர்ந்த நாளில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடற்காற்று உள்ளே ஏறும். மேற்கிலிருந்து ஒரு காற்று, கிழக்கிலிருந்து ஒரு காற்று. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. இடிமேகம் அந்தக் கோட்டில்தான் முளைக்கும். ஒரு ஊரில் வெள்ளம் ஓட, ஐந்து கிலோமீற்றர் தள்ளி புழுதி பறப்பது இதனால்தான்.

ஒரு நாளைப் பார்க்கும் ஒழுங்கு

வெளியான இடத்தில், கூரையைவிட உயரமான ஒரு தடியில் துணிநாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள். மரங்களுக்கு நடுவே கட்டினால் நாடா பொய் சொல்லும்.

காலை 8 மணிக்கே நாடா தென்மேற்கிலிருந்து விறைத்துப் பறந்தால் அன்று பெரும்பாலும் மழை இல்லை. நெல்லைப் பரவலாம், கச்சான் பிடுங்கலாம். காற்று விழுந்து, புல்லில் பனி கண்டு, 9 மணிக்கே வியர்வை காயாமல் ஒட்டினால் கவனம் வேண்டும்.

11 மணிக்கும் 12.30க்கும் மேகத்தைப் பாருங்கள். அகலத்தைவிட உயரம் குறைவாக, அடி தட்டையாக, ஓடிக்கொண்டிருக்கும் மேகம் ஒன்றும் செய்யாது. அகலத்தைவிட உயரமாகி, பூக்கோவா மாதிரித் தலை கட்டியாகப் புடைத்து நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எங்கோ மழை உண்டு. அந்தக் கட்டித் தலை குலைந்து, நார் நாராக ஒரு பக்கம் இழுபடத் தொடங்கினால் அந்த மேகம் ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கிறது.

பிறகு மேகம் நிற்கும் திசை. இந்த மாதங்களில் மேகத்தைத் தள்ளும் காற்று இன்னும் மேற்கிலிருந்தே வீசுகிறது. அதனால் இடிமேகம் பொதுவாகக் கிழக்கு, வடகிழக்குப் பக்கமாக நகரும். உங்களுக்கு மேற்கே அல்லது தென்மேற்கே எழும்பிய மேகம் உங்களிடம் வரக்கூடியது. கிழக்கே கருத்துக் கிடப்பது பெரும்பாலும் கடலுக்குப் போவது. இருட்டைப் பார்த்துப் பயந்து படங்கை மடிக்கத் தேவையில்லை.

கடைசியாக, நாடா கிழக்குப் பக்கக் காற்றுக்குத் திரும்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள். கரையோரத்தில் இது முற்பகலிலேயே நடக்கும். ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம்வரை வர, வந்தால், பிற்பகல் மூன்று நான்கு மணியாகிவிடும். காற்றுத் திரும்பிய நேரத்தில் மேற்கே புடைத்த மேகமும் நின்றால் அது உங்கள் மழை. திரும்பவே இல்லையென்றால் மழை உங்களுக்குக் கிழக்கே முடிந்துவிடும். இரண்டு கிழமை எழுதி வைத்தால் உங்கள் ஊருக்குக் காற்றுத் திரும்பும் மணி பிடிபட்டுவிடும். அதை எந்தச் செயலியும் சொல்லித் தராது.

சிறுபோக (கோடைச் செய்கை) நெல்லைத் தெருவிலோ தளத்திலோ காயப்போடுகிறவர்கள், காற்று விழுந்த நாட்களில் பிற்பகல் 1.30க்குள் குவித்து மூடும் திட்டத்துடன் பரவ வேண்டும். மேகம் நெருங்கியதும் குளிர்ந்த புழுதிக்காற்று ஒன்று அடிக்கும். அதற்கும் மழைக்கும் இடையில் பத்து, இருபது நிமிடம்தான். நாலு மூட்டைக்குக்கூட அது காணாது. வாழைக்குலைகளை முறிப்பதும் தகரத்தைக் கிளப்புவதும் மழையை விட அந்தக் காற்றுத்தான்.

எறும்பு முட்டை காவுவதும் தும்பி தாழப் பறப்பதும் காற்றில் ஈரம் கூடியதற்கு அடையாளம் என்பார்கள். ஈரம் இருக்கிறது என்பதோடு அவற்றின் சாட்சி முடிந்துவிடுகிறது. மேகம் எழும்புமா என்பதை எறும்பு அறியாது.

மழைமானி: ஒரு புனல், ஒரு போத்தல், ஒரு சிரிஞ்

"நல்ல மழை" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அளவு. அரை மணித்தியாலம் ஆரவாரமாக அடித்த இடிமழை 8 மில்லிமீற்றராக இருக்கும். இரவு முழுக்கத் தூறியது 25 ஆக இருக்கும். அளக்காமல் விதைப்பை முடிவு செய்யக்கூடாது.

வாய் விட்டம் 11.3 சென்ரிமீற்றர் உள்ள பிளாஸ்ரிக் புனல் ஒன்றைத் தேடுங்கள். அந்த வாயின் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர். ஆகவே 10 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. பார்மசியில் விற்கும் 10 மில்லிலீற்றர் சிரிஞ் ஒரு தரம் நிறைந்தால் 1 மி.மீ., பாதி நிறைந்தால் அரை. வேறு அளவுப் புனல்தான் கிடைத்தால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 0.785 ஆலும் பெருக்குங்கள். 9 சென்ரிமீற்றர் வாய்க்கு 63.6 வரும், அங்கே 6.4 மில்லிலீற்றர் 1 மி.மீ. ஆகும். விட்டத்தை உள்விளிம்பில் அளக்க வேண்டும். வெளிவிளிம்பில் அளப்பதுதான் வழக்கமான பிழை.

புனலை 1.5 லீற்றர் சோடாப் போத்தலின் வாயில் இறுக்கி, போத்தலை ஒரு மீற்றர் உயரக் கட்டையில் கட்டுங்கள். புனலின் வாய் கட்டையின் தலையைவிட மேலே நிற்க வேண்டும். கீழே நின்றால் கட்டையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே விழும். வாய் சரியாக மட்டமாக இருக்கட்டும். பனை, வேம்பு, வீடு எதுவானாலும் அதன் உயரத்தின் இரண்டு மடங்கு தள்ளி நடுங்கள். போத்தலைச் சாக்குத்துண்டால் சுற்றி, உள்ளே நாலைந்து துளி தேங்காய் எண்ணெய் விட்டால் வெயிலில் தண்ணீர் ஆவியாவது குறையும்.

தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30 தொடக்கம் அடுத்த நாள் 8.30 வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கெடுக்கிறது. நேரம் மாறினால் இரண்டையும் ஒப்பிட முடியாது. புனலின் கழுத்தில் வேப்பம்பழம் அடைத்து, மேலே தண்ணீர் தேங்கி வழிந்துவிடுவது இந்த மாதங்களில் சாதாரணம். அளக்கும்போது கழுத்துக்குள் ஒரு ஈர்க்கை விட்டுப் பாருங்கள்.

அளந்ததை வைத்து விதைப்பை முடிவு செய்வது

காலபோகப் (மாரிச் செய்கை) புழுதி விதைப்பில் ஏமாற்றுவது புரட்டாதியின் முதல் இடிமழை. ஒரே நாளில் 20, 25 மி.மீ. விழும். மண் மணக்கும், ஊரே உழவு இயந்திரத்தோடு இறங்கும். கணக்கு வேறு மாதிரி. 25 மி.மீ. மழை காய்ந்து கிடந்த செம்மண்ணில் அரை அடி அளவுக்குத்தான் இறங்கும். அடுத்த நாளிலிருந்து வெயிலும் காற்றும் நாளுக்கு 5 மி.மீ. அளவில் திருப்பி எடுத்துவிடும். ஐந்தாம் நாள் மேல்மண் பழையபடி. அதற்குள் விதை ஈரம் குடித்து முளை காட்டியிருக்கும். அடுத்த மழை இரண்டு கிழமை பிந்தினால் முளை வெந்துபோகும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்திருந்தால் இரண்டும் போச்சு. முற்றாகக் காய்ந்த புழுதியில் கிடக்கும் விதைக்கு இந்த ஆபத்து குறைவு. அரைகுறை ஈரம்தான் கொல்லும்.

மழை விட்ட அடுத்த நாள் காலையில் வயலின் மேட்டில் ஒரு இடத்திலும் பள்ளத்தில் ஒரு இடத்திலும் மண்வெட்டியால் அரை அடி வெட்டுங்கள். அடிமண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். மேட்டில் உதிர்ந்தால் பொறுங்கள். பள்ளத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பின்னர் மேட்டில் மட்டும் மறுவிதைப்புச் செய்கிறார்கள்.

மில்லிமீற்றரை விடவும் பெரிய அடையாளம் மழை பெய்யும் நேரம். பிற்பகல் மூன்றுக்கு இடித்து ஆறுக்குள் ஓய்வது நிலத்துச் சூட்டில் பிறந்த மழை. சூடு தணிந்தால் அதுவும் இல்லை. நடுச்சாமத்திலோ விடியற்காலையிலோ, அதிகம் இடிக்காமல், கிழக்கிலிருந்து வரும் மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது. அப்படி இரண்டு மூன்று தரம் வந்து, பகலிலும் சோழகம் திரும்பாமல் காற்று வடகிழக்கில் நின்றால் பருவம் மாறிவிட்டது. பெரும்பாலும் இது ஐப்பசிக் கதை. வருட மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் விழும் நிலத்தில், புரட்டாதியில் அவசரப்படுவதால் வரும் லாபம் சொற்பம்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களின் கீழ் செய்கிறவர்களுக்குத் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் முடிவாகும். அங்கேயும் உங்கள் மழைக் கொப்பியைக் கொண்டுபோவது பிரயோசனம். மானாவாரிக்காரருக்கு அந்தக் கொப்பிதான் கூட்டம்.

செய்தியையும் செயலியையும் வாசிப்பது

திணைக்களத்தின் எதிர்வுகூறலில் அடைமொழிகளைக் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் உங்கள் ஊர் தப்பும் வாய்ப்பே அதிகம். 'சில இடங்களில்' என்றால் மேலே சொன்ன நாடாவும் மேகமும் தீர்ப்புச் சொல்லும். 'பல இடங்களில்' என்று வந்தால் காயப்போடும் வேலையைத் தள்ளிவையுங்கள். மில்லிமீற்றர் எண் கொடுத்திருந்தால் அது எங்கோ ஓரிடத்தில் விழக்கூடிய உச்சம், எல்லோருக்குமான பங்கு அல்ல.

போனில் உள்ள செயலி, ஐரோப்பியக் கணினி மாதிரியானால் சுமார் 9 கிலோமீற்றர், அமெரிக்க மாதிரியானால் அதைவிடப் பெரிய சதுரங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு இடிமேகம் அந்தச் சதுரத்தைவிடச் சிறியதாக இருக்கலாம். அதனால் மின்னல் படத்தைத் தினமும் போட்டு வைக்கும். படத்தை விட்டுவிட்டு அதே செயலியின் காற்றுப் பக்கத்தைப் பாருங்கள். காற்றை அது நன்றாகவே சொல்லும். நாளை பிற்பகல் தென்மேற்குக் காற்று மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் என்றால் மழை எதிர்பார்க்க வேண்டாம். 10க்குக் கீழ் இறங்கி, கிழக்கே கடற்காற்றும் காட்டினால் ஆயத்தமாகுங்கள். காரைக்காலில் உள்ள இந்திய ராடார் இயங்கும் நாட்களில் அதன் படமும் உதவும். ஆனால் அவ்வளவு தூரத்தில் அதன் கதிர் உயரத்தால் போவதால் பெரிய இடிமேகத்தின் தலை மட்டும் அகப்படும், சின்ன மழை தெரியாது.

போனில் அமுக்கமானி பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் அமுக்கம் தினமும் காலை 10 அளவில் ஏறி, பிற்பகல் 4 அளவில் மூன்று ஹெக்டோபஸ்கால் வரை இறங்கும். புயல் இல்லாத நாளிலும் இதுதான். நேற்று இதே நேரத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

பருவத்துக்கான முன்னறிவிப்பில் எல்நினோ (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் நிலை; குளிர்ந்தால் லாநினா) என்று வந்தால், வன்னிக்கு அது வறட்சிச் செய்தி என்று எடுத்துவிட வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் மழையை எல்நினோ கூட்டும் பக்கமே சாய்கிறது, லாநினா குறைக்கும் பக்கம்.

வெயிலும் இடியும்

உச்சி வெயில் நாட்களில் வயல்வேலையைக் காலை 10.30க்குள் முடித்து, 3.30க்குப் பின் தொடருங்கள். வெயிலில் நின்றே ஆகவேண்டுமென்றால் மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் தண்ணீர், ஒரே மூச்சில் இல்லாமல் இடைக்கிடை குடிக்க வேண்டும். வேலை செய்தவருக்கு வியர்வை ஓடினாலும் நின்றாலும், பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல. நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும்.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். எண்ணியது முப்பது விநாடிக்குக் கீழ் வந்தால் வயல், குளம், உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டு வீட்டுக்குள் போகும் நேரம். பனைக்குக் கீழும், பக்கம் திறந்த வாடிக்குள்ளும் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை வெளியே இறங்காதீர்கள். பலருக்கு அடிபடுவது "விட்டிட்டுது" என்று இறங்கிய பிறகுதான்.

ஐப்பசி பிறந்ததும் போத்தலை மட்டும் மாற்ற வேண்டும். 11.3 சென்ரிமீற்றர் புனலின் கீழ் 1.5 லீற்றர் போத்தல் 150 மி.மீ. வரைதான் பிடிக்கும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது போன்ற ஒரு நாள் வந்தால் போத்தல் வழிந்து கணக்குக் கெட்டுவிடும். 5 லீற்றர் தண்ணீர்க் கானைக் கட்டிவிடுங்கள், அல்லது அடைமழை நாளில் மாலையிலும் ஒரு தரம் அளந்து, அடுத்த நாள் காலைக் கணக்கோடு கூட்டி எழுதுங்கள்.