நாள்பட்ட சைனஸ் தொல்லையா? டாக்டர்கிட்ட போறதுலருந்து ஆபரேஷன் வரைக்கும் படிப்படியா

"எனக்கு சைனஸ் இருக்கு"ன்னு சொல்றவங்ககிட்ட யாரு பாத்து சொன்னாங்கன்னு கேட்டீங்கன்னா பாதிப் பேர் "அதான் நெத்தி வலிக்குதே"ம்பாங்க. நானும் அப்படித்தான் ரொம்ப நாள் ஓட்டினேன். உண்மையில சைனஸ்ங்கிறது நோயோட பேரே இல்ல, எல்லாருக்கும் முகத்து எலும்புக்குள்ள இருக்கற காத்து அறைங்க அது. கன்னத்துல, நெத்தியில, ரெண்டு கண்ணுக்கு நடுவுல, மூக்குக்கு ரொம்பப் பின்னாலன்னு 4 ஜோடி. அந்த அறையில ஊறுற சளி ஒரு குட்டி வாசல் வழியா மூக்குக்குள்ள வடியணும், வாசல் வீங்கி மூடிக்கிட்டா உள்ளயே தேங்கிடும். இனிமே சொல்ற வைத்தியமெல்லாம் அந்த வீக்கத்தை வத்த வெச்சு வாசலைத் திறக்கத்தான், இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

படி 1: டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி எழுதி வைங்க

நாள்பட்டதுன்னு சொல்ல 12 வாரக் கணக்கு இருக்கு. மூக்கடைப்பு, கெட்டியான சளி (முன்னால வந்தாலும் சரி, தொண்டைக்குள்ள இறங்கினாலும் சரி), முகத்துல வலி இல்லன்னா பாரம், வாசனை தெரியாம போறது, இந்த நாலுல ரெண்டாவது 12 வாரத்துக்கு மேல விடாம இருக்கணும். அந்த ரெண்டுல ஒண்ணு அடைப்பாவோ சளியாவோ இருக்கறது பெரியவங்களுக்கு வழக்கமா பாக்கற அளவுகோல். வெறும் தலைவலி மட்டும்னா பெரும்பாலும் இது சைனஸ் இல்லீங்க. 2004ல வந்த ஒரு ஆய்வுல, தங்களுக்கு சைனஸ் தலைவலின்னு நெனச்சுக்கிட்டிருந்த கிட்டத்தட்ட 3000 பேரைப் பாத்ததுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒத்தைத் தலைவலி வகைன்னு தெரிஞ்சுது.

அதனால ஒரு நோட்டுல என்னைக்கு என்ன தொல்லை, எந்தப் பக்கம், எந்த மாத்திரை எத்தனை நாள் போட்டீங்கன்னு எழுதுங்க. எந்தப் பக்கம்ங்கிறது சின்ன விஷயம் இல்ல. ஒரே பக்கம் மட்டும் நாத்தமடிக்கற சளி வந்தா மேல் கடைவாய்ப் பல்லோட வேர்ல சீழ் இருக்கலாம், அப்ப மூக்குக்கு எத்தனை மருந்து விட்டாலும் நிக்காது, பல் டாக்டரைத்தான் பாக்கணும். ஒரே பக்கம் அடைப்பு, ஒரே பக்கம் ரத்தம்னா வேற ஏதாவது வளர்ச்சி இருக்கான்னு பாத்தே ஆகணும், தள்ளிப் போடாதீங்க.

படி 2: ஈஎன்டி டாக்டர் ரூம்ல

ஆஸ்துமா இருந்தா, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போட்டா மூச்சு இழுக்குதுன்னா, அவர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. மூக்குல பாலிப் (உள்ள வீங்கித் தொங்கற சதை), ஆஸ்துமா, அந்த மாத்திரை ஒத்துக்காம போறது, இந்த மூணும் சேந்து வர்றது தனி வகை, அதுக்கு வைத்தியமும் கொஞ்சம் மாறும்.

அடுத்து எண்டோஸ்கோப்பி. பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. மூக்குல மரத்துப் போற மருந்து அடிப்பாங்க, அது கசப்பா தொண்டைக்குள்ள இறங்கி, எச்சில் முழுங்கும்போது தொண்டையே நம்முது இல்லாத மாதிரி இருக்கும், உண்மையில அதுதான் எரிச்சலான பார்ட். அப்புறம் பென்சில் தடிமன் கூட இல்லாத குழாயை உள்ள விட்டு ஸ்கிரீன்ல காட்டுவாங்க, சில நிமிஷத்துல முடிஞ்சுடும். டார்ச் அடிச்சு கண்ணாடியில பாத்துட்டு "சதை வளர்ந்திருக்கு"ன்னு பயப்படறவங்க நெறைய, அப்படி செவப்பா தெரியறது பெரும்பாலும் எல்லாருக்கும் இருக்கற மூக்கு மடிப்புதான். பாலிப்னா வெளுத்துப்போய் தோல் உரிச்ச திராட்சை மாதிரி இருக்கும்.

சாதாரண எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் தெரியாது, தேவைப்பட்டா சிடி ஸ்கேன்தான். ஜலதோஷம் புடிச்சிருக்கறப்ப அதை எடுக்காதீங்க, சும்மா சளிக்கே உள்ள எல்லாம் மங்கலா தெரிஞ்சு குழப்பிடும். அலர்ஜி டெஸ்ட் தோல்ல பண்றதா இருந்தா அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு முன்னாலயே கேட்டுக்கோங்க, இல்லன்னா ரிசல்ட் தப்பா வரும்.

படி 3: கழுவறது, ஸ்ப்ரே அடிக்கறது (இங்கதான் எல்லாரும் கோட்டை விடறோம்)

மருந்துச் சீட்டுல உப்புத்தண்ணியும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேவும் மட்டும் இருந்தா "இவ்ளோதானா"ன்னு தோணும். நானும் ஒரு வாரம் ஏனோதானோன்னு அடிச்சுட்டு வேலை செய்யலன்னு தூக்கிப் போட்டவன்தான். தப்பு என் கையில இருந்துச்சு.

முதல்ல தண்ணி. குழாய்த் தண்ணியை நேரா மூக்குல விடவே கூடாது. மூளையைத் தாக்கற ஒரு வகை அமீபா அபூர்வமா அதுல இருக்கலாம், குடிச்சா ஒண்ணும் ஆகாது, மூக்கு வழியா போனாதான் ஆபத்து. அதனால மூணு நிமிஷமாவது தளதளன்னு கொதிக்க விட்டு வெதுவெதுப்பா ஆறின தண்ணி, இல்ல டிஸ்டில்டு வாட்டர். 240 மில்லிக்கு அயோடின் சேக்காத உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மியா, ஒரு சிட்டிகை சமையல் சோடா. உப்பு போட மறந்து வெறும் தண்ணியை ஒரு தடவ விட்டேன், கண்ணுல பொறி பறந்துச்சு. வாஷ்பேசின் மேல குனிஞ்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே, பாட்டிலை மெதுவா அமுக்குங்க, இந்த மூக்குல விட்டா அந்த மூக்கு வழியா வரும். வேகமா அமுக்கினா காதுக்குள்ள குப்புனு அடைக்கும். பாட்டிலையும் தினமும் கழுவி காய வைங்க.

பத்து நிமிஷம் கழிச்சு ஸ்ப்ரே. தலையை லேசா முன்னால சாய்ங்க, வலது கையால இடது மூக்குக்கு, இடது கையால வலது மூக்குக்கு. முனை நடுச்சுவரைப் பாக்கக் கூடாது, கண்ணோட வெளி ஓரத்தைப் பாத்து இருக்கணும். நடுச்சுவர்லயே அடிச்சுட்டு இருந்தா ரத்தம் வரும். பலமா உறிஞ்சாதீங்க, தொண்டையில மருந்து ருசி தெரிஞ்சா உறிஞ்சிட்டீங்கன்னு அர்த்தம், மருந்து வயித்துக்குத்தான் போச்சு. ஸ்டீராய்டுன்னு பயமா? புளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்ப்ரேல இருந்து ரத்தத்துல கலக்கறது ரொம்பக் கம்மி. ஆனா 8லருந்து 12 வாரம் தெனமும் அடிச்சாதான் பலன் இருக்கா இல்லையான்னே சொல்ல முடியும்.

படி 4: எதை நீங்களா பண்ணக் கூடாது

அடைப்பை உடனே திறக்கற சொட்டு மருந்து (சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகை) சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனா 3லருந்து 5 நாளுக்கு மேல வேணாம். நான் மாசக்கணக்கா பாக்கெட்லயே வெச்சிருந்தேன், கடைசியில சொட்டு விடலன்னா மூக்கே திறக்காதுங்கற நெலமைக்கு வந்து, அதை விட்டொழிக்கறதே தனி வைத்தியமா போச்சு. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான், நாள்பட்ட சைனஸ்ல பாதிக்கு மேல கதை வீக்கம்தான், கிருமி இல்ல, போன தடவ மீந்த மாத்திரைப் பட்டையை எடுத்து முழுங்காதீங்க.

கண்ணைச் சுத்தி வீக்கம், பார்வை மங்கறது, ரெண்டு ரெண்டா தெரியறது, கடுமையான தலைவலியோட காய்ச்சல், கழுத்து வெறைக்கறது, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

படி 5: மூணு மாசம் கழிச்சும் சரியாகலன்னா

ஒழுங்கா கழுவி ஒழுங்கா அடிச்ச பிறகும் அப்படியே இருந்தாதான் ஆபரேஷன் பேச்சு. எண்டோஸ்கோப் வழியா மூக்குக்குள்ளயே போய் அடைச்ச வாசலை அகலப்படுத்துவாங்க, முகத்துல தையல் எதுவும் இருக்காது. பாலிப் திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு டூபிலுமேப் மாதிரி ஊசியும் இருக்கு, அமெரிக்காவுல 2019ல இதுக்கு அனுமதி கெடச்சுது. ஆபரேஷனுக்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சிடி படத்தை விரிச்சு எந்த அறை அடைச்சிருக்கு, எதைத் திறக்கப் போறீங்கன்னு காட்டச் சொல்லுங்க. முடிஞ்ச பிறகு அவர் சரின்னு சொல்ற வரைக்கும் மூக்கைப் பலமா சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. அந்த உப்புத்தண்ணி பாட்டிலையும் தூக்கிப் போட்டுடாதீங்க, திறந்த வாசல் வழியா மருந்து இப்பதான் ஒழுங்கா உள்ள போகும்.