பழைய சுபாரு ஃபாரெஸ்டர் காரை 4 செ.மீ. உயர்த்துவது எப்படி?

மெல்பர்னிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் டூலாங்கி காடு வந்துவிடும். அங்கே காட்டுப் பாதை ஓரம் நிற்கிற பெரிய லேண்ட் குரூசர்களுக்கு நடுவே பழைய சுபாரு ஃபாரெஸ்டரையும் பார்க்கலாம். என்னுடையது 2005 மாடல், எஸ்ஜி வகை, மேனுவல் கியர். ஆஸ்திரேலியாவில் விற்ற டர்போ இல்லாத மேனுவல் வண்டிகளில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) உண்டு. மலைப்பாதைக்கு அது பெரிய வரம்.

எவ்வளவு உயர்த்தலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். உயர்த்துவது கடைசி வேலை. டயரிலிருந்து தொடங்குங்கள்.

டயர்

கம்பெனி போட்டுத் தந்தது 215/60 ஆர்16. அதை 215/65 ஆர்16 ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான) டயராக மாற்றினால் விட்டம் சுமார் 21 மி.மீ. கூடும். அதில் பாதிதான், அதாவது ஒரு சென்டிமீட்டர்தான், வண்டிக்கு அடியில் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்னைவிட 3 கி.மீ. வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், நினைவில் வையுங்கள். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) ஸ்பிரிங் தட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். வண்டியை உயர்த்தினாலும் இந்த இடைவெளி அதிகமாகாது, ஏனென்றால் ஸ்ட்ரட் சக்கரத்தோடேயே கீழே வருகிறது.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் சென்டர் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறிக் கெட்டுவிடும். ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் எஞ்சினுக்கு அடியில் ஒரு பேஷ் பிளேட், அதாவது கல்லடி தாங்கும் தகடு. வண்டியைக் கட்டி இழுக்க, முன்னும் பின்னும் முறையான கொக்கிகள். அடியில் ஏற்கெனவே இருக்கும் வளையங்கள் கப்பலில் வண்டியைக் கட்டி வைப்பதற்கானவை. சிக்கின வண்டியை அவற்றில் கட்டி இழுக்காதீர்கள். ட்ரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலிலும் கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்து இந்த நாட்டில் உயிர் போயிருக்கிறது.

உயர்த்துவது

ஸ்ட்ரட் தலைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே வைக்கும் 40 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) போதும். காரணம் ஆக்சில். உடலை உயர்த்தும்போது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்கிறது. சாய்வு கூடினால் சிவி ஜாயின்டின் (தண்டு சாய்ந்தாலும் சுழல விடும் மூட்டு) ரப்பர் உறையான பூட் மடிப்போடு மடிப்பு உரசிக் கிழிகிறது. 50 மி.மீ.யைத் தாண்டினால் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேமையும் இறக்க வேண்டும், அது புதியவருக்கான வேலை அல்ல. உயரத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு, முதலில் படித்துவிடுங்கள். இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் தானாக மட்டம் பார்க்கும் பின் ஸ்ட்ரட் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றிவிட்டு ஸ்பேசருக்கு வாருங்கள்.

சமதரையில் நிறுத்தி, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியோடு சேரும் ஸ்டெபிலைசர் லிங்க்கை இரண்டு பக்கமும் விடுவித்துவிடுங்கள். ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் கழற்றுங்கள். நான் முதல் தடவை ஹோஸை மறந்துவிட்டு, சக்கரம் பூட்டுகிற ஹப்பை இறக்கினேன். ரப்பர் கயிறுபோல் விறைத்து நின்றது. நல்ல வேளை பார்த்துவிட்டேன், இருந்தும் மனசு கேட்காமல் புது ஹோஸ் போட்டேன்.

ஸ்ட்ரட்டைக் கீழே பிடித்திருப்பவை இரண்டு 19 மி.மீ. போல்ட்டுகள். மேலே இருப்பது சக்கரத்தின் சாய்வை (கேம்பர்) மாற்றும் கேம்பர் போல்ட்டு, தலையில் கோடு கோடாக இருக்கும். கழற்றும் முன் அது நிற்கிற இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். பிறகு பானட்டுக்குள் மூன்று 12 மி.மீ. நட்டுகள். நடுவில் இருக்கும் பெரிய நட்டில் கை வைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, கழன்றால் ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்ட்ரட் வெளியே வந்ததும் ஹப் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். சாய்ந்தால் உள் சிவி ஜாயின்ட் பிரிந்துவிடும், அதனால் ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். ஸ்பேசரை ஸ்ட்ரட் தலையில் பூட்டி, மேலே ஏற்றி, நட்டுகளைக் கையால் பிடிக்க விடுங்கள். ஸ்ட்ரட் இப்போது 4 செ.மீ. கீழே இறங்கியிருப்பதால் கீழ் ஓட்டைகள் நேராக வராது. ஒருவர் ஹப்பைக் கீழே பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மை அழுத்த, இன்னொருவர் போல்ட்டை நுழைப்பது சுலபம். மேல் நட்டுகளுக்கு 20 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் இறுக்கினால் திருகு முறியும். மற்றவற்றுக்கு வண்டியின் சர்வீஸ் மேனுவல் புத்தகம் சொல்லும் அளவு.

பின்பக்கமும் இதே கதைதான், மேல் நட்டுகள் மட்டும் டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும். ஒரு வித்தியாசம்: உயர்த்தியதும் பின் சக்கரம் வளைவுக்குள் முன்னே நகர்ந்து உட்காரும். பின் சக்கரத்தை முன்னிருந்து பிடிக்கும் ட்ரெயிலிங் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் ஸ்பேசர் உள்ள கிட்டாக வாங்கினால் அது சரியாகிவிடும்.

வண்டியை இறக்கி, மறுபடி அளந்து பார்த்துவிட்டு நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயர்த்திய வண்டியின் கேம்பர் மாறியிருக்கும், விட்டால் புது டயர் சீக்கிரம் ஓரம் தேய்ந்துவிடும்.

முதல் ஓட்டம்

காய்ந்த நாளில், இன்னொரு வண்டியோடு போங்கள். விக்டோரியாவில் பல மலைப்பாதைகளைக் குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள், ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். சரளைக் கல்லில் காற்றை 26 பிஎஸ்ஐக்கு இறக்கினால் வண்டி குதிப்பது அடங்கும். தார் ரோட்டுக்குத் திரும்பும்போது அடித்துக்கொள்ளக் கம்ப்ரெசர் கையோடு இருக்கட்டும். வண்டி உயர்ந்ததால் வளைவில் முன்னைவிடச் சாயும், வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) பார்த்துவிட்டு, டார்ச்சோடு அடியில் படுங்கள். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. மண் உள்ளே போகும் முன் பூட்டை மாற்றிவிட்டால் ஆக்சில் பிழைக்கும்.