லொறிக்கு எத்தனை கிலோ? விடையின் மேலேயே பைனரி சேர்ச்

புரோகிராம் எழுதிப் பழக இணையத்தில் இருக்கும் சி.எஸ்.இ.எஸ். கணக்குத் தொகுப்பில் 'அரே டிவிஷன்' என்று ஒன்று உண்டு. வரிசையாக எண்கள் தருவார்கள். வரிசை குலையாமல் அவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டுகளின் கூட்டுத்தொகையில் பெரியது எதுவோ, அது முடிந்தமட்டும் சிறியதாக இருக்க வேண்டும். மூன்று இரவு இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் விளங்கவைத்தது எங்கள் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி.

ஹட்டன் பக்கத்துத் தோட்ட ரோடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் ஆறு மடுவங்கள், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் இடங்கள். நிறுவை முறையே 120, 80, 150, 60, 200, 90 கிலோ. லொறி மூன்று. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த மடுவங்களில் மட்டுமே ஏற்றலாம். அளவுக்கு மீறித் திணித்தால் அடியில் கிடக்கும் கொழுந்து அமுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். அம்மாமார் பனியில் நின்று பறித்த கொழுந்து அது. அதனால் அதிகச் சுமை ஏற்றும் லொறிக்கும் சுமை குறைவாக இருக்க வேண்டும்.

படி 1: கேள்வியைத் திருப்புங்கள்

கீபோர்டைத் தொடாதீர்கள், கொப்பியை எடுங்கள். "மிகக் குறைந்த சுமை எவ்வளவு?" என்று கேட்டால் தலை சுற்றும். "லொறிக்கு 300 கிலோதான் என்றால் மூன்று லொறி போதுமா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். முதல் மடுவத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போங்கள். 300ஐத் தாண்டப்போகிறதா, அடுத்த லொறியைக் கூப்பிடுங்கள். 120+80, 150+60, 200+90. மூன்று போதும். இடமிருந்தும் ஏற்றாமல் விடுவதால் பின்னால் வரும் லொறிக்கு ஒரு நன்மையும் இல்லை. இப்படி முடிந்தமட்டும் ஏற்றிக்கொண்டே போகும் 'கிரீடி' முறை இங்கே சரியாக வருவது அதனால்தான்.

படி 2: பாதி பாதியாகக் குறையுங்கள்

300 போதுமென்றால் 301உம் போதும். 250 போதாதென்றால் 249உம் போதாது. இப்படி ஒரே பக்கமாகச் சாய்கிற கேள்வி கிடைத்தால் பைனரி சேர்ச் போடலாம், அதாவது தேடும் இடத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். கீழ், மேல் என்று இரண்டு எல்லை, அவற்றுக்கு நடு. நடு போதுமென்றால் மேல் = நடு. போதாதென்றால் கீழ் = நடு + 1. இரண்டும் ஒன்றாகும்போது நிறுத்துங்கள். இங்கே 290இல் நிற்கும். 289 கொடுத்தால் நாலாவது லொறி தேவைப்படும்.

படி 3: கீழ் எல்லை

நான் விழுந்த இடம் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள். மேல் எல்லைக்கு மொத்தக் கூட்டுத்தொகை, 700. கீழ் எல்லைக்கு 0 போட்டேன். கணக்கோடு தந்திருந்த சாம்பிள் சரியாக வந்தது. அனுப்பினால் ரோங் ஆன்சர். இரண்டாம் இரவு முழுக்கப் பிழை லூப்பில் இருக்கிறது என்றே நம்பித் தேடினேன்.

லொறியை ஆறாக்கிப் பாருங்கள். மடுவத்துக்கு ஒரு லொறி, ஆகவே விடை 200. என் புரோகிராம் 120 என்றது. 120 கிலோதான் ஏற்றலாம் என்ற லொறியில் 200 கிலோ மடுவத்தை அது ஏற்றியிருந்தது! "தாண்டினால் அடுத்த லொறி" என்று மட்டுமே எழுதியிருந்தேன். வந்து நிற்கும் வெறும் லொறியிலும் அந்த மடுவம் அடங்காது என்பதை எந்த வரியும் பார்க்கவில்லை. லொறி குறைவாக இருக்கும்போது எண்ணிக்கை எப்படியும் மிஞ்சிவிடுவதால் பிழை வெளியே தெரியாது.

கீழ் எல்லையை மிகப் பெரிய எண்ணிலிருந்து, இங்கே 200இலிருந்து, தொடங்குங்கள். அவ்வளவுதான் திருத்தம்.

படி 4: எண்ணின் அளவு

அந்தக் கணக்கில் 2 இலட்சம் எண்கள் வரை வரலாம், ஒவ்வொன்றும் 100 கோடி வரை. கூட்டுத்தொகை 200 இலட்சம் கோடியைத் தொடும். வழக்கமான எண் வகையான இன்ட் 214 கோடிச் சொச்சத்தோடு நிரம்பிவிடும், ஆகவே அதைவிடப் பெரிய லாங் லாங். வேகத்துக்குப் பயப்பட வேண்டாம்: 48 சுற்றுக்குள் முடியும், சுற்றுக்கு 2 இலட்சம் கூட்டல், மொத்தம் ஒரு கோடி அளவில்தான்.

எழுத சி பிளஸ் பிளஸ், எடிட்டருக்கு ஜீனி. பழைய லெப்டொப்பிலும் ஓடும், இணையமும் வேண்டாம். மழைக்குக் கரண்ட் போய் சிக்னலும் போகிற ஊர்களில் ஒன்லைன் கம்பைலரை நம்பி இருக்காதீர்கள். போன் மட்டுமே உள்ள தம்பி தங்கச்சிமார் படி 1ஐயும் 3ஐயும் கொப்பியில் செய்து பாருங்கள். கணக்கின் கஷ்டமான பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பிற்சேர்க்கை: ஏ.எல். படிக்கும் ஒரு தங்கச்சிக்கு லூப் நிற்கவே இல்லையாம். போதாதபோது கீழ் = நடு என்று எழுதியிருக்கிறார். கீழ் 289, மேல் 290 என்றால் நடு 289. கீழ் மறுபடியும் 289. அந்த + 1ஐ விடாதீர்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: "கணக்கு சரியாக மூன்று துண்டு கேட்கிறதே, கிரீடி இரண்டோடு முடிந்தால்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 450 கொடுத்தால் இரண்டு லொறியே போதும். அதில் ஏதாவது ஒன்றின் சுமையை இரண்டாகப் பிரித்து மூன்றாவதில் ஏற்றினால் எந்த லொறிக்கும் சுமை கூடாது. மடுவங்களைவிட லொறி அதிகமில்லாத வரை இது எப்போதும் முடியும். அதனால் 'சரியாக மூன்றா' என்று பார்க்காமல் 'மூன்றுக்குள்ளா' என்று மட்டும் பாருங்கள்.