மலைச்சரிவில் வீடு கட்டுமுன்: மண் நிற்குமா என்று பார்க்கும் முறை

ஏற்காட்டிலோ வால்பாறையிலோ கொல்லிமலையிலோ சரிவான இடத்தை வாங்கிப் போட்டுவிட்டு, ஜேசிபி ஏறுவதற்கு முதல் நாள்தான் பலர் எனக்குப் போன் செய்கிறார்கள். ஈரோட்டில் மண் பரிசோதனை செய்து பிழைக்கிறவன் நான். "இடம் நிக்குங்களா?" என்பார்கள். எந்த மாசத்தில் என்று திருப்பிக் கேட்பேன். மார்ச்சில் எல்லாச் சரிவும் நிற்கும்.

அதனால் இடம் பார்க்க மழை விட்ட மறுநாள் போங்கள். வால்பாறைக்கு ஜூலை, ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் அக்டோபர் கடைசி. மனைக்குள் இறங்காமல் முதலில் அதற்கு மேலே ஏறிப் பாருங்கள். உங்கள் மனை சரிவது மேலே இருக்கும் பக்கத்துக்காரர் நிலத்தில் தொடங்கலாம். சரிவுக்குக் குறுக்கே வில்லாக வளைந்த விரிசல் இருக்கிறதா? புல் மூடியிருக்கும், குச்சியால் கிளறுங்கள். அப்புறம் மரங்கள். சில்வர் ஓக் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், மண் பல வருஷமாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு மரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே பக்கமாகப் பத்து மரம் வளைந்திருந்தால் யோசியுங்கள். வேலிக்கல், மின்கம்பம் சாய்ந்திருப்பதும் அதே கணக்குதான். கீழே வந்தால், அடிவாரம் புடைத்திருக்கிறதா, ஊற்று எங்கே வருகிறது என்று பார்க்கவும்.

ஊற்றைப் பற்றி உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் திரும்பாதீர்கள். ஒரு எஸ்டேட் வாட்ச்மேன் என்னிடம், "போன மழையிலிருந்து தண்ணி கலங்கலா வருதுங்க சார்" என்றார். தெளிந்த ஊற்று கலங்கினால், உள்ளே மண் அரித்துக்கொண்டு போகலாம். எந்த மெஷினும் அதை அவ்வளவு சீக்கிரம் எனக்குச் சொல்லியிருக்காது.

அடுத்து குழி. பாறையோ, கடப்பாரை இறங்காத சுக்கானோ (பாறைபோல் இறுகிய மண்) வரும்வரை தோண்டுங்கள். அந்த ஆழம் கணக்குக்கு வேண்டும். இந்த மலைகளின் செம்மண் காய்ந்தால் சுத்தியலால் உடைக்க வேண்டும், அதை நம்பக் கூடாது. ஒரு காய்ந்த கட்டியை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முதலில் குமிழி விடும், ஓரம் உதிரும். சில கட்டிகள் அஞ்சு நிமிஷத்தில் அடியில் சேறாகப் படிந்துவிடும். அப்படிக் கரைகிற மண்ணின் பலத்தில் பெரும்பகுதி அது காய்ந்திருப்பதால் வருவதுதான், ஊறினால் போய்விடும். ஆய்வகத்துக்குக் கலைக்காத மாதிரியை (குழியில் இருந்தபடியே உதிராமல் எடுத்த மண்) கொடுத்து, முழுக்க ஊற வைத்தே வெட்டு சோதனை (மண் எவ்வளவு விசையில் வழுக்கி விலகுகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். காய்ந்த மாதிரியில் வரும் எண் வீட்டுக்காரரைச் சந்தோஷப்படுத்தும், அவ்வளவுதான்.

சரி, கணக்கு. மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி. 1க்குக் கீழே போனால் சரியும். பாறைமேல் மெல்லிய மண் போர்வையாகக் கிடக்கும் நீண்ட சரிவுக்கு இரண்டு பாகத்தைக் கூட்டினால் போதும். முதல் பாகம்: ஒட்டுப்பிடிப்பு (மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பலம்) ÷ (மண் எடை × ஆழம் × சரிவுக் கோணத்தின் சைன் × காஸ்). இரண்டாவது: உராய்வுக் கோணத்தின் (துகள்கள் உரசி வழுக்காமல் நிற்பதைக் காட்டும் கோணம், இதுவும் வெட்டு சோதனையில் வரும்) டான் ÷ சரிவுக் கோணத்தின் டான், மண்ணில் தண்ணீர் ஏறினால் இது குறையும்.

ஒரு உதாரணம். சரிவு 30 டிகிரி, ஆழம் 3 மீட்டர், மண் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், ஒட்டுப்பிடிப்பு 8 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 30. முதல் பாகம் 0.34. தண்ணீர் இல்லாதபோது இரண்டாவது 1, மொத்தம் 1.34. நீர்மட்டம் பாதி ஆழத்துக்கு ஏறினால் 1.07. மேல்மட்டம்வரை வந்து சரிவோடு ஓடினால் 0.80. மண்ணும் கோணமும் அதேதான், தண்ணீர் மட்டும்தான் மாறியது. மாமூல் நிலையில் 1.5, பெருமழை நிலையில் 1.3 வராமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மனையைச் சமப்படுத்தச் சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் இந்தச் சூத்திரம் போதாது. வட்டமாகச் சரியும் பாதைகளை வைத்து, 1955இல் பிஷப் என்ற மண் பொறியாளர் கொடுத்த துண்டுமுறையில் (சரியும் மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) மென்பொருளில் பார்க்க வேண்டும். அதை அனுபவமுள்ள ஆளிடம் விட்டுவிடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் நிலச்சரிவு வரைபடம் 'பூகோஷ்' தளத்தில் கிடைக்கிறது. நல்லது, பாருங்கள். ஆனால் அது 1:50,000 அளவு. உங்கள் 5 சென்ட் மனை அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது.

எண் குறைவாக வந்தால் உடனே சுவர் என்று ஓடாதீர்கள். முதல் செலவு மேலே வெட்டும் மழைநீர் வாய்க்காலுக்கு. செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சரிவுக்குள் விடுவதை நிறுத்துங்கள். அப்புறம்தான் தடுப்புச்சுவர், அதுவும் பின்னால் ஜல்லி நிரப்பி, வீப் ஹோல் (தண்ணீர் வெளியேறும் துளை) வைத்து. அடைத்துக் கட்டிய சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். மழைக் காலத்தில் தினமும். விரிவது வேகமெடுத்தால் பகலிலேயே வெளியேறுங்கள். கொட்டும் மழையில் ஓடைப் பள்ளத்துத் தண்ணீர் திடீரென்று வற்றினால், மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். என்ன ஆச்சு என்று பார்க்கப் பள்ளத்துக்குள் இறங்காமல், பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள்.