ஒரே மாதிரி மூன்று மோட்டார்ஹோம்: எதை வாங்குவது, எதை அடிப்பது?

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்.இ.சி. அரங்கில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் நடக்கும் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) கண்காட்சிக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை வண்டி, அதே ஃபியட் டுகாட்டோ மூக்கு, உள்ளே அதே வெளிர் நிற மர அலமாரி. இது வெறும் தோற்றமயக்கம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் டுகாட்டோ வேனை வாங்கித்தான் அதன் மேல் வீடு கட்டுகின்றன. ஹீட்டர் என்றால் ட்ரூமா, டாய்லெட் என்றால் தெட்ஃபோர்ட். மாறுவது பெயர்ப்பலகையும் மெத்தைத் துணியும்தான் என்று தோன்றிவிடும்.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. கடைசியில் மூன்று வண்டிகள் மிஞ்சின. மூன்றும் தாழ்கூரை வகை, அதாவது டிரைவர் தலைக்கு மேல் புடைத்த நெற்றி இல்லாதவை. மூன்றிலும் நான்கு படுக்கை. முன்பக்கம் சோபாவுக்கு மேல் கூரையிலிருந்து இறங்கும் கட்டில். வித்தியாசம் பின்பக்கத்தில்தான்.

அ: 6.7 மீட்டர், மூலையில் சுவரை ஒட்டிய இரட்டைக் கட்டில் (பிரெஞ்சு பெட் என்பார்கள்).
ஆ: 7 மீட்டர், இரண்டு ஒற்றைக் கட்டில்கள்.
இ: 7.4 மீட்டர், நடுவில் தீவு மாதிரி கட்டில், இரண்டு பக்கமும் நடக்கலாம்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எக்செல் ஷீட் போட்டு ஒவ்வொரு அம்சத்துக்கும் பத்துக்கு மார்க் போட்டேன். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மொத்தம் வந்தது. வரத்தானே செய்யும்! டிவி மாட்டும் கை ஒன்றுக்கு எட்டு மார்க், சீட் பெல்ட்டுக்கும் எட்டு மார்க் என்றால் என்ன தெரியும்? அப்புறம்தான் முறையை மாற்றினேன். மார்க் போடுவதில்லை, அடிப்பது. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி; தேறாத வண்டியை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும்.

படி 1: லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் ஆனவர்களுக்கு சி1 பிரிவும் சேர்ந்தே கிடைத்தது, 7.5 டன் வரை ஓட்டலாம். எழுபது வயதானால் அதைத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை வேண்டும். 1997 ஜனவரி 1 முதல் பாஸ் ஆனவர்களுக்கு சாதாரண கார் பிரிவான பி மட்டும், உச்சவரம்பு 3,500 கிலோ. இந்திய லைசென்ஸையும் இலங்கை லைசென்ஸையும் இங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். குடியேறி 12 மாதம் ஓட்டலாம், அதன் பிறகு டெஸ்ட்தான். ஆகவே நம் ஆட்களில் பெரும்பாலோர் 3,500 கிலோக்காரர்கள்.

கவனிக்க வேண்டியது, இது வண்டி அன்றைக்கு எவ்வளவு கனக்கிறது என்பதல்ல. அதிகபட்சம் எவ்வளவு கனக்கலாம் என்று தகட்டில் பதித்த எண். சில மாடல்களை 3,650 கிலோவாகவும் பதிந்து விற்கிறார்கள். அப்படிப் பதிந்த வண்டியை காலியாகக்கூட பி லைசென்ஸில் ஓட்டக் கூடாது. எங்கள் மூன்றும் 3,500. இந்தப் படியில் எதுவும் அடிபடவில்லை.

படி 2: பெல்ட்டை எண்ணுங்கள்

நான்கு படுக்கை என்றால் நான்கு பேர் பயணம் போகலாம் என்று அர்த்தம் இல்லை. பின்னால் யூ வடிவ சோபா வைத்த பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் நான்கு பேர் படுக்கலாம், ஆனால் பெல்ட் போட்டு உட்கார முன்னால் இரண்டே சீட். ஒரு விற்பனைக் கூடத்தில் அரை மணி நேரம் ரசித்துப் பார்த்த பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது. விற்பவர் அதுவரை வாயே திறக்கவில்லை. கையால் பிடித்து இழுத்து எண்ணுங்கள். குழந்தை சீட் வைப்பதாக இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

படி 3: எடைக் கணக்கு

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். ஒரே மாதிரி வண்டிகள் உண்மையில் பிரிவது இங்கேதான்.

கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு தகடு இருக்கும். அதில் மேலிருந்து கீழாக நான்கு எண்கள்: வண்டியின் உச்ச எடை, பின்னால் இழுக்கும் டிரெய்லரோடு சேர்ந்த உச்ச எடை, முன் அச்சு தாங்கும் எடை, பின் அச்சு தாங்கும் எடை. டுகாட்டோவில் 3500, 6000, 1850, 2000 என்று பார்த்தால் அது சாதாரண லைட் சேசிஸ் (அடிச்சட்டம்). முதல் எண்ணிலிருந்து ‘மைரோ’ என்று பிரோஷரில் போட்டிருக்கும் இயங்குநிலை எடையைக் கழித்தால் வருவது பேலோடு, நாம் ஏற்றிக்கொள்ளக்கூடிய பாரம்.

இயங்குநிலை எடையில் 75 கிலோ டிரைவரும் 90 சதவீத டீசலும் சேர்ந்திருக்கும். (நான் 75 கிலோ இல்லை என்பது வேறு கதை.) தண்ணீர் விஷயத்தில்தான் சூட்சுமம். நூறு லிட்டர் டேங்க் இருந்தாலும் 20 லிட்டர் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. பிரோஷரின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் அது இருக்கும். ஆகவே இரண்டு கம்பெனிகளின் பேலோடை அப்படியே ஒப்பிடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சமப்படுத்துங்கள்.

‘இ’ வண்டிக்கு நான் போட்ட கணக்கு இது. 3,500-இல் இயங்குநிலை எடை 3,040 போக மிச்சம் 460. ஆட்டோமேடிக் கியர் 20, வெளிக்கூடாரத் திரை 30, சோலார் தகடும் இரண்டாவது பேட்டரியும் 35, சைக்கிள் மாட்டும் சட்டம் 15: மொத்தம் நூறு போனது, 360. மனைவி, அம்மா, மகள் மூவரும் சேர்ந்து 155 போக 205. டேங்க்கை நிரப்பினால் இன்னும் 80 கிலோ, ஆக 125.

நூற்றிருபத்தைந்து கிலோ போதுமே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு வண்டியின் நிஜ எடையும் அச்சிட்ட எடையிலிருந்து 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். 3,040-இல் அது 152 கிலோ. நம் அதிர்ஷ்டத்துக்குக் கனத்த வண்டி வந்தால் துணிமணி, அரிசி, குக்கர், நாற்காலி எதையும் ஏற்றாமலே 27 கிலோ அதிகம். டேங்க்கைக் காலியாக வைத்து ஓட்டி, தங்கும் முகாமில் போய் நிரப்பலாம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க அப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டே ஓட்ட எனக்குப் பொறுமை கிடையாது. 7.4 மீட்டர் அழகியை அடித்தேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் தீவுக் கட்டில் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

‘ஆ’ வண்டியின் இயங்குநிலை எடை 2,920. அதே கணக்கில் மோசமான நிலையிலும் 99 கிலோ மிச்சம். ‘அ’ அதைவிடக் கொஞ்சம் மேல்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு மீறலாம். சைக்கிள் சட்டம் பின்சக்கரத்துக்கு வெகு பின்னால் தொங்குகிறது. சீசா பலகை மாதிரி அது பின் அச்சை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கும். இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து சட்டம் 2.5 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். சட்டமும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 45 கிலோ. பின் அச்சில் ஏறுவது 45 அல்ல, 73 கிலோ. முன்பக்கம் 28 கிலோ லேசாகும். டுகாட்டோ முன்சக்கர இழுவை வண்டி; ஈரப் புல்வெளி முகாமில் சக்கரம் சும்மா சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். வால் நீளமான வண்டியில் இது இன்னும் மோசம்.

படி 4: செருப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள்

கண்காட்சியில் எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். உட்காரவா வாங்குகிறோம்? வீட்டில் யார் எங்கே படுப்பார்களோ அதே வரிசையில், அதே இடத்தில் பத்து நிமிடம் படுங்கள். திரும்பிப் படுங்கள். பிறகு ஒருவர் அசையாமல் கிடக்க, மற்றவர் எழுந்து டாய்லெட் வரை போய் வரட்டும்.

‘அ’வில் மகளை வெளிப்பக்கமும் அம்மாவைச் சுவர்ப்பக்கமும் படுக்க வைத்தோம். அம்மா எழுந்து உட்கார்ந்து, “ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருப்பேன்ப்பா. பிள்ளையை மிதிச்சுட்டுத்தான் இறங்கணும் போலிருக்கே” என்றார். இடம் மாற்றிப் படுக்க வைத்தால் வெளிப்பக்கம் கால்மாட்டில் கட்டிலின் மூலையை வெட்டியிருக்கிறார்கள். பாதம் காற்றில் தொங்குகிறது. ‘அ’வையும் அடித்தாயிற்று.

‘ஆ’விலும் ஒரு முள் இருந்தது. ஒற்றைக் கட்டில் மாடல்கள் இரண்டு விதம். ஒன்றில் கட்டிலுக்கு அடியில் பெரிய சாமான் அறை. சைக்கிள் உள்ளேயே போகும், ஆனால் கட்டிலில் ஏற இரண்டு மூன்று படி. இன்னொன்றில் கட்டில் நாற்காலி உயரம்தான், சாமான் அறை கிடையாது. பிரோஷரில் இரண்டின் தரைப்படமும் மேலிருந்து பார்த்தால் ஒன்றே போல இருக்கும். நாங்கள் தாழ்ந்த கட்டிலை எடுத்தோம். சைக்கிள் வெளியே சட்டத்துக்குப் போனது. மேலே சொன்ன 73 கிலோ கணக்கு அப்படி வந்ததுதான்.

இறங்கும் கட்டிலையும் கீழே இறக்கச் சொல்லிப் பாருங்கள். பல வண்டிகளில் அது இறங்கியதும் வாசல் கதவில் பாதி மறையும். அம்மா ஐந்து மணிக்கு எழுந்து காபி போட வேண்டும் என்றால் அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் எங்கள் காலுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும்.

படி 5: குக்கரை எடுத்துக்கொண்டு போங்கள்

சிரிக்காதீர்கள், நான் நிஜமாகவே பையில் ஐந்து லிட்டர் குக்கரைக் கொண்டு போனேன். அடுப்புக்கு மேல் அலமாரி தொங்கும். குக்கரை வைத்து, மேலே வெயிட் போட்டால் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். விசில் அடிக்கும்போது ஆவி நேராக அந்த மரப் பலகையின் அடியில்தான் போய் முட்டும். தோசைக்கல்லையும் வைத்துப் பாருங்கள். மூன்று பர்னர் என்று எழுதியிருப்பார்கள்; கல் ஏறினால் பல அடுப்புகளில் மிச்ச இரண்டும் பயனில்லை. பிரிட்டிஷ் வண்டிகளில் கிரில்லும் ஓவனும் கூடவே வரும். ஜெர்மன் வண்டிகளில் பெரும்பாலும் இராது. நமக்கு ஓவன் இல்லாவிட்டால் ஒன்றும் குறையவில்லை. அந்த இடத்தில் பாத்திரம் வைக்கலாம்.

அடுப்புக்கு நேர் மேலே திறக்கும் ஜன்னலோ புகைவிசிறியோ இல்லாவிட்டால், தாளிப்பு வாசம் மெத்தையில் ஒரு வாரம் குடியிருக்கும்.

படி 6: எங்கே நிறுத்துவீர்கள், எங்கே ஓட்டுவீர்கள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். ஏழு மீட்டர் வண்டி எப்படியும் வெளியே நீட்டும். வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

பிரான்ஸ் போகும் எண்ணமிருந்தால் உயரத்தைப் பாருங்கள். அங்கே சுங்கச் சாவடியில் 3 மீட்டர் உயரத்துக்கும் 3.5 டன்னுக்கும் உட்பட்ட வண்டி இரண்டாம் வகுப்பு; மீறினால் மூன்றாம் வகுப்பு, அதிகக் கட்டணம். கூரையில் ஏசியோ டிஷ்ஷோ மாட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கட்டிய வண்டிகளில் பெரும்பாலும் வாசல் வலப்பக்கம். பிரிட்டனில் சாலையோரம் நிறுத்தினால் அது போக்குவரத்துப் பக்கம் திறக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

படி 7: பழைய வண்டி என்றால்

டயரில் நான்கு இலக்க எண் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்குள் கிழடாகிவிடும், பூப்போட்ட ரப்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரமானியோடு ஆளைக் கூட்டிப்போங்கள். சுவரில் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்லது, 20-ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். டுகாட்டோ ஆட்டோமேடிக் என்றால் ஆண்டைக் கேளுங்கள்: ஒன்பது கியர் ஆட்டோமேடிக் 2019-இல்தான் வந்தது, அதற்கு முந்தையது மேனுவல் கியரையே இயந்திரக் கை மாற்றும் வகை, மேட்டில் இழுத்து இழுத்துப் போகும்.

படி 8: இரண்டு இரவு வாடகைக்கு

முடிவு செய்த அமைப்பில், வேறு கம்பெனி வண்டியானாலும் பரவாயில்லை, இரண்டு இரவு வாடகைக்கு எடுங்கள். நாங்கள் நவம்பரில் பீக் டிஸ்ட்ரிக்ட் போனோம். முதல் இரவே ஒன்று தெரிந்தது: ஷவரில் நான் கையைத் தூக்கித் தலையைத் தேய்க்க முடியவில்லை. இரண்டாவது, அம்மாவின் கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்சும் இல்லை.

முன்பணம் கட்டும்போது ஆர்டர் தாளில் மூன்று வரி எழுதி வாங்கினோம். தகட்டு எடை 3,500 கிலோ. பொருத்திய சாமான்களோடு எடைமேடையில் ஏற்றி ரசீது தர வேண்டும்; எங்கள் கணக்கை 50 கிலோவுக்கு மேல் மீறினால் முன்பணம் திரும்ப. மூன்றாவது வரி: இடப்பக்கக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு விளக்கு சுவிட்ச்.