தொய்ந்த ஷ்ரவுட் பாய்மரத்தைக் காப்பாற்றாது: ரிக்கிங் ட்யூனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பக்கத்துப் படகில் ஒரு இளைஞர் ஸ்பேனரும் கையுமாக ஷ்ரவுட்களை, அதாவது பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் கம்பிகளை, தளர்த்திக்கொண்டிருந்தார். கையால் தொட்டாலே அவை துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடின. "ஏன் தம்பி இவ்வளவு லூசா விடுறீங்க?" என்று கேட்டேன். "இறுக்கினா மரம் டெக்கையே அமுக்கிடும்ணே. கம்பிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்" என்றார்.

என் முதல் படகில் இதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2 சீசன் அப்படியே ஓட்டவும் செய்தேன். அதற்குக் கொடுத்த விலை இன்னும் உறுத்துவதால், ரிக்கிங் ட்யூனிங் பற்றி, அதாவது இந்தக் கம்பிகளைச் சரியாக இறுக்கி மரத்தை நேராக நிறுத்துவது பற்றி, இதை எழுதுகிறேன். ஸ்பிளிட் பின்னை (திருகு தானாகக் கழலாமல் தடுக்கும் சின்ன ஊசியை) மறக்காதீர்கள் என்பது போன்ற அறிவுரைகள் எல்லா இடத்திலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீர்மட்டம் (ஸ்பிரிட் லெவல்) வைத்து மரத்தை நிமிர்த்துவது

மிதக்கிற படகு எப்போதுமே ஏதோ ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் நிறைந்திருந்தாலே போதும். அதன்மேல் நீர்மட்டம் வைத்து மரத்தை நிமிர்த்தினால், படகுக்குக் கோணலாகத்தான் நிற்கும்.

பெரிய பாயை ஏற்றும் கயிறான மெயின் ஹேலியார்டில் ஒரு ஸ்டீல் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றுங்கள். கீழே இரண்டு பக்கத்துச் செயின்பிளேட்டுக்கும் (ஷ்ரவுட்டைப் படகோடு இணைக்கும் உலோகப் பட்டை) அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும், ஒரு சின்ன ஸ்பிரிங் தராசு இருந்தால் நல்லது. அதற்கு முன்னால், மரத்தின் அடியிலிருந்து இரண்டு செயின்பிளேட்டும் சம தூரத்தில் இருக்கின்றனவா என்பதையும் அளந்துவிடுங்கள். எல்லாப் படகிலும் அப்படி இருப்பதில்லை. இந்த வேலை முடியும்வரை கீழ் ஷ்ரவுட்கள் தளர்வாகவே இருக்கட்டும். உச்சியை நடுவில் கொண்டுவருவது மேல் ஷ்ரவுட்களின் வேலை, நடுப்பகுதியை நேராக்குவது கீழ் ஷ்ரவுட்களின் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதை இழுக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

கம்பிக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துத் தொய்வாக விடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். பார்வைக்கு இது அக்கறை மாதிரியே இருக்கிறது என்பதால்தான் யாரும் திருத்திக்கொள்வதில்லை.

மேல் ஷ்ரவுட் இரண்டிலும், அந்தக் கம்பி அறுந்துபோகும் பாரத்தில் 15 சதவீத முறுக்கு, அதாவது இழுவிசை, வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காற்று அடிக்கிறது. காற்றுப் பக்கத்துக் கம்பி 20-க்கு ஏறும், எதிர்ப் பக்கத்துக் கம்பி 10-க்கு இறங்கும். இரண்டும் சேர்ந்து மரத்தைப் பிடிக்கின்றன. காற்று இன்னும் பலமானால் ஒரு பக்கம் 30, மறு பக்கம் பூஜ்யம். அந்த நிலையில் மரத்தை அமுக்குகிற மொத்த பாரமும் ஏறத்தாழ 30 தான். கரையில் கட்டியிருந்தபோது 15-உம் 15-உம் சேர்ந்து அமுக்கியது எவ்வளவோ, அதே அளவு.

இப்போது முறுக்கே இல்லாத படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காற்றில் காற்றுப் பக்கத்துக் கம்பியில் அதே 30 தான் வரும். ஏனென்றால் அந்த பாரத்தைத் தீர்மானிப்பது காற்றும், சாயாமல் எதிர்த்து நிற்கும் படகின் பலமும்தான். நீங்கள் கரையில் தளர்த்தி வைத்ததால் அதில் ஒரு கிலோகூடக் குறையாது. மாறுவது ஒன்றே ஒன்று: முறுக்கு இருக்கும்வரை இரண்டு கம்பியும் பிடிப்பதால் மரம் பாதி தூரம்தான் நகரும். முறுக்கு இல்லாவிட்டால் மரம் முதலில் தொய்வு தீரும்வரை விழுந்து, பிறகு வெடுக்கென்று நிற்கும். ஒவ்வொரு அலைக்கும் இப்படி ஒரு வெட்டு.

ஸ்டெயின்லெஸ் கம்பி பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய இழுப்பில் அறுவதில்லை. பூஜ்யத்திலிருந்து பாரத்துக்கும், பாரத்திலிருந்து பூஜ்யத்துக்கும் ஆயிரக்கணக்கான தடவை போய்வந்து களைத்துத்தான் அறுகிறது. தொய்ந்த கம்பி ஆடும்போது, டெர்மினலுக்குள் (கம்பியின் முனையைப் பிடிக்கும் உலோகப் பாகம்) நுழையும் இடத்தில் மடங்கிக்கொண்டும் இருக்கிறது. கீழ் டெர்மினலில் உப்புத்தண்ணீரும் தேங்கும். களைப்பும் அரிப்பும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

என் படகில் நடந்தது அதுதான். நங்கூரம் போட்டிருந்த ஒரு இரவு, பக்கவாட்டு அலையில் படகு உருண்டுகொண்டே இருந்தது. மரத்திலிருந்து டிக், டிக் என்று சத்தம். தூக்கக் கலக்கத்தில் ஏதோ கயிறு தட்டுகிறது என்று விட்டுவிட்டேன். காலையில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கம்பி நெடுக ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கக் கீழ் ஷ்ரவுட்டின் டெர்மினல் வாயில் பேப்பர் கிழிந்தது. 19 இழைகளில் ஒன்று அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தில் இரண்டு. ஹேலியார்டுகளை எடுத்துப் பக்கவாட்டில் கட்டி, பாயே ஏற்றாமல், எஞ்சினில் மெதுவாகக் கரைக்கு வந்தோம். மற்ற கம்பிகளும் அதே ஆட்டம் ஆடியவைதானே, எதை நம்புவது? மொத்த ரிக்கிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த சீசன் அதோடு போயிற்று.

சரி, எவ்வளவு இறுக்குவது? ஸ்பிரெடர்கள் (ஷ்ரவுட்டை மரத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கைகள்) பக்கவாட்டில் நேராக நிற்கும் சாதாரணப் பயணப் படகில் மேல் ஷ்ரவுட்டுக்கு 15 சதவீதம் நல்ல தொடக்கம். ஸ்பிரெடர் பின்னோக்கி வளைந்த ரிக் என்றால் 20 வரை போகும், தயாரிப்பாளர் சொன்ன அளவே கணக்கு. அளக்க டென்ஷன் கேஜ்கூட வேண்டாம். மரம் செய்யும் செல்டன் நிறுவனம் தன் கையேட்டிலேயே சொல்கிற வழி இது: கம்பியைக் கையால் மட்டும் இறுக்கிய நிலையில், 2 மீட்டர் அளவுகோலின் மேல் முனையைக் கம்பியோடு ஒட்டிக் கட்டிவிடுங்கள். கீழ் முனை டெர்மினலின் விளிம்போடு சரியாகப் பொருந்தட்டும். பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகுங்கள். கம்பி நீள நீள அளவுகோலுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் இடைவெளி விழும். 19 இழைக் கம்பியில் 1 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 5 சதவீதம். 3 மில்லிமீட்டர் வந்தால் 15.

அப்படி இறுக்கியதும் கேபின் கதவு சிக்கிக்கொண்டாலோ, அடுத்த வாரமே முறுக்கு காணாமல் போனாலோ, மறுபடி தளர்த்திவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மரத்தைத் தாங்கும் இடமோ செயின்பிளேட்டோ பலவீனமாகிவிட்டது என்று கம்பி உங்களுக்குச் சொல்கிறது. அதைத் திறந்து பாருங்கள்.

பாரம் ஏறிய கம்பியைத் திருகுவது

ஓடும்போது காற்றுப் பக்கத்து டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் பாகம்) கை வைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் மரை பாரத்தோடு, எண்ணெய் இல்லாமல் திரும்பினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரம்பம்தான். எதிர்ப் பக்கத்தில் திருகி, படகைத் திருப்பி, மறு பக்கமும் அதே எண்ணிக்கை திருகுங்கள். மரையில் முதலிலேயே லனோலின் தடவிவிடுங்கள்.

டர்ன்பக்கிளோடு கம்பியையும் சேர்த்துத் திருகிவிடுவது

டர்ன்பக்கிளைத் திருகும்போது டெர்மினலை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடியுங்கள்.

ஸ்பிரெடர் கீழே தொங்குவது

ஷ்ரவுட் மேலும் கீழும் ஸ்பிரெடரோடு ஒரே கோணத்தில் சேர வேண்டும். இல்லையென்றால் இறுக்கும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

டர்ன்பக்கிளை மூச்சுமுட்ட டேப் சுற்றுவது

உள்ளே உப்புத்தண்ணீர் அடைபட்டு அரிக்கும். ஸ்பிளிட் பின்னின் முனையை மட்டும் மூடுங்கள்.

கரையிலேயே முடித்துவிடுவது

கட்டிவைத்த படகில் செய்வது பாதி ட்யூனிங். 15 நாட் (மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர்) காற்றில், காற்று வரும் திசைக்கு எவ்வளவு நெருக்கமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கிப் பிடித்து, 20 டிகிரி சாய்வில் ஓட்டுங்கள். எதிர்ப் பக்கத்து ஷ்ரவுட் அப்போதுதான் லேசாக இளக ஆரம்பிக்க வேண்டும், தொங்கி ஆடக் கூடாது. பிறகு மரத்தடியில் கன்னத்தை வைத்து, பாய் ஏறும் பள்ளத்தின் வழியே மேலே பாருங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். உச்சி எதிர்ப் பக்கம் விழுந்திருந்தால், கண்ணுக்கு நடுப்பகுதி காற்றுப் பக்கம் புடைத்த மாதிரி தெரியும். உடனே கீழ் ஷ்ரவுட்டைத் தளர்த்துவார்கள். பெரும்பாலும் குறைவது மேல் ஷ்ரவுட்டின் முறுக்குதான், அதை முதலில் ஏற்றிப் பாருங்கள். நடுப்பகுதி எதிர்ப் பக்கம் தொய்ந்திருந்தால் கீழ் ஷ்ரவுட்டை இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கம்பி முதல் சில பயணங்களில் கொஞ்சம் நீளும், அதனால் இதையெல்லாம் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும்.

அந்தத் தம்பியின் படகில் அன்று மாலையே டிஷ்யூ பேப்பரை ஓட்டிப் பார்த்தோம். எங்கும் சிக்கவில்லை. அளவுகோலைக் கட்டி, இருட்டுவதற்குள் இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டோம். 15 நாட் காற்று கிடைக்கும் முதல் நாளில் வெளியே போய் மீதியைப் பார்க்கப் போகிறோம்.